ஒன்பது அடிக் குழாய்

கதவைத் தட்டுவது மாதிரிதான் அவர் எல்லாவற்றையும் தட்டுவார். வலது கை நடுவிரலை மடக்கி, அதன் முட்டியால் இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தட்டு. தேங்காய், பூசணிக்காய், புதிதாகப் பூசிய சுவர், ராசிபுரம் பஸ்ஸின் பக்கத் தகரம், யார் வீட்டுக்காவது போனால் அவர்கள் உட்காரப் போட்ட நாற்காலி, எதுவும் தப்பாது. தட்டிவிட்டுத் தலையை ஒருபக்கம் சாய்த்து நிற்பார். சுவர் அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

"மேல பூசறது அத்தனையும் பொய்யிடா. தட்டுனாத்தான் உள்ள இருக்கறது வாயத் தொறக்கும்" என்பார்.

ஒருமுறை என் நெஞ்சையும் தட்டினார். அப்போது மூன்று நாள் காய்ச்சலில், போர் போடும் ரிக் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துச் சுருண்டு கிடந்தேன். அவர் குனிந்து உள்ளே வந்து, என்னைப் புரட்டிப்போட்டு, நெஞ்சில் இரண்டு, முதுகில் இரண்டு தட்டினார். "சளிதான். உசுருக்கு ஒண்ணுமில்ல. எந்திரிச்சுக் கஞ்சியக் குடி" என்றார். நானும் எழுந்து குடித்தேன். அவர் சொல்லிவிட்டால் உடம்பு அதைக் கேட்டுக்கொள்ளும் என்று அந்த வண்டியில் இருந்த எட்டுப் பேரும் நம்பினோம்.

அவர் போர்வெல் வண்டியில் ட்ரில்லர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர். நான் எட்டாவதோடு நின்றவன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினேன், செங்கல் சூளையில் மண் மிதித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன். எதிலும் ஆறு மாதத்துக்கு மேல் கால் நிற்காது. அவரோடு மட்டும் நாலு வருஷம் இருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு ஆள் இவ்வளவு உறுதியாக இருப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க நன்றாக இருந்தது.

போர் போடும்போது மேல்மண் சரியும். சரியாமல் இருக்கக் குழாய் இறக்குவோம். அதற்குக் கேசிங் என்று பெயர். மண் முடிந்து கெட்டிப் பாறை வந்துவிட்டால் கேசிங்கை நிறுத்திவிடலாம். பாறை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். எத்தனையாவது அடியில் பாறை வருகிறது என்று சொல்ல வேண்டியது ட்ரில்லர். முன்கூட்டியே நிறுத்தினால் போர் மூடிக்கொள்ளும், போட்ட காசும் தண்ணீரும் மண்ணுக்குள் போகும். பாறைக்குள்ளும் குழாய் இறக்கிக்கொண்டே போகிறவனை எங்கள் பக்கத்தில் ட்ரில்லர் என்று யாரும் மதிக்க மாட்டார்கள்.

வடக்கே ஒரு ஊரில், பஞ்சாயத்துக்காரர்கள் கூடி நிற்க, கூட ஒரு படித்த பையன் கையில் காகிதத்தோடு நின்று, எண்பது அடிக்குக் கேசிங் வேண்டும் என்றான். இவர் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். துளைக்குள் இறங்கும் இரும்பு ராடில் முட்டியை வைத்துத் தட்டினார். தலையைச் சாய்த்தார்.

"அறுவத்திரண்டு அடி வரைக்கும் லூசு. எழுதிக்க" என்றார் என்னிடம்.

நான் நோட்டில் எழுதினேன். அறுபத்திரண்டில் நிறுத்தினோம். அந்தப் போர் இன்றைக்கும் தண்ணீர் கொடுக்கிறது என்று கேள்வி. அதற்குப் பிறகு அவர் "எழுதிக்க" என்றால் எழுதிக்கொள்வதுதான். எதிர்க்கேள்வி எங்கள் வண்டியில் கிடையாது.

அவர் வீட்டுக்காரம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒல்லியாக, வாய் ஓயாத ஆள். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரர்கள் இருபது இருபத்தைந்து பேருக்கு வீட்டிலேயே சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. காஸ் அடுப்பும் உண்டு. ஆனால் அத்தனை பேருக்கு உலை வைப்பது விறகடுப்பில்தான். சுற்றிலும் மரவள்ளிக் காடு, காய்ந்த குச்சிக்குப் பஞ்சமில்லை. தென்னை மட்டையும் எரியும்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பன் ஊட்டுச் சுவத்தத் தட்டிப் பாத்தாரு சாமி இந்த மனுசன்" என்று அக்கா சோறு போட்டுக்கொண்டே சொல்லும். "எங்கம்மா பயந்துபோச்சு. நல்லவேளை, என்றய மண்டையத் தட்டாம உட்டாரு."

"தட்டியிருந்தா அன்னிக்கே எந்திரிச்சுப் போயிருப்பேன்" என்பார் அவர். "உள்ள ஒண்ணுமில்லைன்னு சத்தம் சொல்லியிருக்குமல்லொ."

"பாத்தீங்களா சாமி, பாத்தீங்களா இந்த எகத்தாளத்த."

சிரித்துச் சிரித்து அக்காவுக்கு இருமல் வந்துவிடும். அந்த இருமல் சீக்கிரம் நிற்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு திரும்பி வந்ததும், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா" என்று கேட்கும்.

அது ரிக் காசில் கட்டின மாடி வீடு. பின்பக்கம் அடுப்படி. அடுப்புக்கு மேலே செங்கல்லில் கட்டிய புகைக்கூண்டு, மாடி அறைச் சுவரை ஒட்டியே ஏறி மொட்டை மாடிக்கு மேலே நாலடி நீட்டிக்கொண்டிருக்கும். அக்கா படுப்பது அந்த மாடி அறையில். கூண்டு கட்டிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே சாந்து அரித்து, சந்துகள் விட்டு, அறைக்குள் புகை கசிய ஆரம்பித்தது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு இனிமே புகை ஆகாது. விறகடுப்பை விட்டுடுங்க. இல்லைன்னா புகை ஒரு துளி வீட்டுக்குள்ள வராம பண்ணுங்க. இதைத் தள்ளிப் போட முடியாது" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னது: "அடுப்ப உட்டுட்டு நான் ஊட்ல உக்காந்து என்ன பண்றது? அதுக்கு இருமிக்கிட்டே சோறாக்கறேன்."

"நீ சோறாக்கு. கூண்டுக்குக் கேசிங் எறக்கிப்புடறேன்" என்றார் அவர். அவருக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது. ஓட்டை என்றால் குழாய்.

எந்தக் குழாய் என்பதில்தான் ஒரு மாதம் போனது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, இடித்துக் கட்டிவிடலாம் என்றார். இரண்டு மாதம் அடுப்பு நிற்கும் என்று அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மண் குழாய் வைத்தால் நெருப்புத் தாங்கும், ஆனால் துண்டு துண்டாக வைத்துப் பூசச் சுவரை உடைக்க வேண்டும். சிமெண்ட் குழாய் சூட்டில் வெடித்துவிடும். வாசலில் ரிக்கில் மிச்சமான கேசிங் பைப்புகள் கிடந்தன. பிளாஸ்டிக் பைப்பைக் கொத்தனார் காலால் உருட்டி, "இத எறக்குனீங்கன்னா மொத நாளே உருகி ரசத்துல ஒழுகும்" என்றார். இரும்புக் கேசிங்? கரியும் மழையும் சேர்ந்தால் நாலு மழைக்குள் துரு தின்றுவிடும்.

கடைசியில் எவர்சில்வர்தான் என்று முடிவாகி, நானும் அவரும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். கடைக்காரர் ஏற்காட்டுப் பங்களாக்களின் புகைக்கூண்டுகளுக்குக் குழாய் செய்து கொடுத்தவர். இரண்டு துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது பாத்திரத் தகடு. இது நல்ல தகடு, புகைக்கு அரிக்காது. பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். காந்தம் வச்சாத் தெரியும்" என்று காந்தத்தை எடுத்தார்.

"காந்தமெல்லாம் வேண்டாங்க" என்று இவர் முட்டியை மடக்கினார். இரண்டையும் எடுத்துக் கலைத்துவிட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்தார். இடது பக்கத்தைக் காட்டி, "இதானுங்க நல்லது" என்றார்.

கடைக்காரர் காந்தத்தை அதன்மேல் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. நல்ல தகட்டில் ஒட்டக் கூடாது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். இவர் காந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண் மட்டும் இரண்டு தரம் கொட்டியது.

"அண்ணா, அந்தப் பக்கம் இருக்கறதையே எடுத்துக்கலாங்ண்ணா. நீளத்துக்குத் தோதா இருக்குது" என்றேன்.

"ஆமா, நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார்.

எனக்கு அங்கேதான் தெரிந்தது என்று சொன்னால் பொய். அதற்கு முன்பே தெரியும். இருபத்தைந்து வருஷம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றவர். பஸ்ஸில் கண்டக்டர் மூன்று தரம் கேட்டால்தான் ஊர் பேரைச் சொல்வார். யோசித்துக்கொண்டிருந்தேன் என்பார். பின்னால் நின்று பேசினால் பதில் வராது. முன்னால் நின்றால் நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். ரிக்கில் கடைசி இரண்டு வருஷமும் அவர் சத்தத்தைக் கேட்டுப் பாறை சொல்லவில்லை. ராடில் முட்டியை ஊன்றி, அதிர்வை எலும்பில் வாங்கிச் சொன்னார். இரும்பில் அது சரியாக வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே ஓனர் வேறு ட்ரில்லரை ஏற்றிவிடுவார்.

"எத்தனை அடி வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒம்பதடி."

"கூண்டு மொத்தம் எவ்வளவு?"

"இருவத்திரண்டு இருக்கும்."

"அப்ப இருபத்திரண்டு எடுங்க. மேலருந்து அடுப்பு வரைக்கும் ஒரே குழாயாப் போகணும். நடுவுல விட்டா வேலைக்கு ஆகாது. பாதிச் சட்டை போட்டுக்கிட்டு வெளிய போவீங்களா?"

காசுக்காக இல்லை. பையில் முழுக் குழாய்க்கும் காசு இருந்தது. எண்ணி வைத்தவன் நான்தான். இவர் சிரித்தார். "தட்டிப் பாத்துட்டேனுங்க. ஒம்பதடி வரைக்குந்தான் லூசு. கீழ கெட்டியா நிக்குது. பாறைக்குள்ள கேசிங் எறக்கறவன எங்கூர்ல சிரிப்பாங்க."

அவர் தட்டிப் பார்த்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். கடைக்கு வருவதற்கு முதல் நாள் மத்தியானம். நான் சாக்பீஸ் வைத்திருந்தேன். மாடி அறையில் கட்டில்மேல் ஏறி நின்று, கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு வந்தார். பொக், பொக் என்று வந்தது. இறங்கித் தரையில் நின்று தட்டினார். பொக். தன் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் நின்றார். தலையைச் சாய்த்தார்.

"இங்க பாறை" என்றார். "கோடு போடு. மொட்டை மாடிக்கு மேல இருக்கறதோட சேத்து ஒம்பது அடி. எழுதிக்க."

எனக்கு அங்கேயும் பொக் என்றுதான் கேட்டது. அதற்குக் கீழேயும் அவர் நிச்சயப்படுத்திக்கொள்ள இரண்டு தட்டுத் தட்டினார். பொக், பொக். செங்கல்லில் இரும்பின் அதிர்வு வராது. வாசற்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். என்னைப் பார்த்தது. நான் கோடு போட்டு, பக்கத்தில் ஒன்பது என்று எழுதினேன்.

மூன்றடித் துண்டுகள் மூன்றை ரிவெட் அடித்து ஒன்றாக்கி, அடிமுனையில் தீ தாங்கும் கயிற்றைச் சுற்றி, மேலிருந்து இறக்கினோம். அடுப்பைப் பற்ற வைத்ததும் குழாய் வழியாகப் புகை நேராக ஏறியது. மாடி அறையின் கூரையோரம் கசிந்துகொண்டிருந்தது நின்றது. அவர் மொட்டை மாடியில் நின்று, குழாய் முனையில் மழைக்கு மாட்டிய எவர்சில்வர் மூடியைத் தட்டி, "மணியாட்டம் இருக்குது பாரு" என்றார். மணி மாதிரிதான் கேட்டது. அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது. அன்றைக்கு அக்கா எங்களுக்குக் கோழி அடித்துப் போட்டது. நான் அடுத்த வாரம் வேறொரு வண்டியோடு வடக்கே போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போனேன். அவர் அப்போது ரிக்கை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அன்று மட்டும் ஏதோ துக்கத்துக்குப் போயிருந்தார். அக்கா மாடியில் படுத்திருந்தது. கூண்டை ஒட்டிய சுவரில் இரண்டு ஆணி அடித்து ஒரு பழைய சேலையைத் திரை மாதிரி கட்டியிருந்தது.

"இது என்னங்க்கா?"

"சுவத்துச் சூடு முதுகுல படுதுன்னு அவுருகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்" என்றது. மூச்சுக்கு நடுவில்தான் பேச்சு வந்தது. நான் சேலையை விலக்கினேன். சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே சுவர் முழுக்கக் கரி. செங்கல் சந்துகளின் வழியே புகை பூச்சுக்கு வந்து, வரிசை வரிசையாகக் கட்டம் போட்ட நோட்டுத் தாள் மாதிரி இருந்தது.

"அவருக்கு வாசம் தெரியலீங்களா?"

"சோறாக்கற ஊட்ல புகை வாசம் இல்லாம இருக்குமா சாமி."

"கீழ படுத்துக்கலாமல்லங்க்கா."

"கீழ படுத்தா ஏன்னு கேப்பாரு. அப்பறம் வந்து தட்டிப் பாப்பாரு. காது போச்சுன்னு அவுருக்கே தெரிஞ்சுபோச்சுன்னா அந்த மனுசன் அப்பறம் எதத் தட்டுவாரு?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டது. "நீங்க சொல்லீராதீங்க. எனக்கு இது நெம்பவெல்லாம் இல்ல. தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கறேன்."

நான் ஒரு வழி சொன்னேன். அவர் ஊரில் இல்லாத ஒரு நாள் பார்த்து, நானே செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மிச்சக் குழாயை வாங்கி வந்து சத்தமில்லாமல் இறக்கிவிடுகிறேன் என்று. அக்கா முகம் தெளிந்தது. ஆடியில் அவர் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்குவார் என்றது.

"ஆடிக்கு வாரேனுங்க்கா. கட்டாயம் வாரேன்" என்றேன்.

ஆடியில் நான் கர்நாடகாவில் ஒரு கல் குவாரியில் இருந்தேன். கூலி நன்றாகக் கொடுத்தார்கள். போக முடியாத அளவுக்கு எதுவும் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். ஐப்பசியில் பட்டறைக்காரன் ஒருத்தன் போனில் சொன்னான், அக்கா தவறிவிட்டது என்று. மூச்சு நின்றுபோச்சு என்றான்.

நான் போனபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுப்பில் சாம்பல்கூட இல்லை, கழுவித் துடைத்திருந்தார்கள். அவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து மாடிக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

கட்டிலை நகர்த்தியிருந்தார். சேலையை அவிழ்த்து, மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தார். சாக்பீஸ் கோடும் என் கையெழுத்தில் ஒன்பதும் அப்படியே இருந்தன.

அவர் விரலை மடக்கினார். கோட்டுக்குக் கீழே இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு. இந்த முறை தலையைச் சாய்க்கவில்லை. திரும்பி என் வாயைப் பார்த்தார்.

"எப்படிக் கேக்குது? நீ கேட்டுச் சொல்லு."

"பொக்குன்னுதாங்ண்ணா" என்றேன்.

"ஆ?" என்று காதோரம் கையை வைத்தார்.

"பொக்குன்னு கேக்குதுங்ண்ணா."

அப்போதும் கேட்கவில்லை. நான் குனிந்துகொண்டு சொல்லியிருக்க வேண்டும், அதனால் வாயையும் படிக்க முடியவில்லை. நிமிர்ந்து கத்தினேன்.

"பொக்குங்ண்ணா! பொக்கு!"

ரோட்டில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். பட்டறையில் சம்மட்டிச் சத்தம் ஒரு நிமிஷம் நின்று பிறகு தொடர்ந்தது.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

தலையாட்டினேன்.

"அவளுக்கும் கேட்டுச்சா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"ரெண்டு பேரும் எனக்குக் காது கேக்கறாப்பலயே வெச்சுட்டீங்களேடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பிறகு சுவரின் பக்கம் திரும்பி, ஒரு சாண் கீழே தட்டினார். என்னைப் பார்த்தார். "பொக்கு" என்றேன். இன்னொரு சாண். பொக்கு. குனிந்தார், முட்டி போட்டார். கட்டிலின் தலைமாடு இருந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே மட்டும் உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். மறுபடி தட்டினார். பொக்கு. தரையை ஒட்டின கடைசிச் செங்கல்லில்தான் சத்தம் மாறியது.

"கெட்டிங்ண்ணா!" என்று கத்தினேன்.

அவர் முட்டி போட்டபடியே சுவரைச் சாணால் அளந்துகொண்டு மேலே கோடு வரைக்கும் போனார். கையெல்லாம் கரி. ரிக்கில் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"பதினாலு அடி வரைக்கும் லூசு. இன்னும் அஞ்சடி எறக்கியிருக்கோணும். எழுதிக்க."

நோட்டும் இல்லை, சாக்பீஸும் இல்லை. சுவரிலிருந்த கரியையே விரலால் தொட்டு, தரையோரமாகப் பதினாலு என்று எழுதினேன்.